முத்துலிங்கத்தின் ஈரச்சாக்கு

முத்துலிங்கம் படகில் நிமிர்ந்து நின்றதை யாரும் பார்த்ததில்லை. வலை இழுக்கும்போதும் குந்தியிருந்துதான் இழுப்பார். மற்றவர்கள் கால் அகட்டி நின்று சோறு தின்பார்கள்; இவர் படகின் அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்து தின்பார். முல்லைத்தீவுக் கரையில் அவரோடு தொழில் செய்கிறவர்களுக்கு அது ஒரு பகிடி.

"முத்தண்ணை முட்டை இடப் போறார், கொஞ்சம் விலகி நில்லுங்கோடா."

அவர் கோபிக்கமாட்டார். ஆனால் தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கப்பலோ படகோ தெரிந்தால் முகம் மாறிவிடும். காலடியில் எப்போதும் ஒரு சாக்குக் கிடக்கும். அதைக் கடலில் தோய்த்து எடுத்து எஞ்சினுக்கு மேலே போடுவார். போட்டுவிட்டு இன்னும் பதிவார். சண்டை முடிந்து இத்தனை வருசமாகியும் அந்தக் கை தன்பாட்டில் அதைச் செய்தது.

எங்கள் கமலாட்சியின் புருசன் அவர். கமலாட்சியின் தகப்பனும் என் தாயும் கூடப்பிறந்தவர்கள், பூநகரிப் பக்கம். முத்துலிங்கம் எங்கள் ஆள் இல்லை. மலையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஒரு கலவரத்தில் குடியிருந்த லயத்தை எரிக்க, அவருடைய தாய் பேச்சியம்மா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டி, கடைசியில் ஜெயபுரத்தில் ஒரு துண்டுக் காணியில் குடிலைப் போட்டா. கமலாட்சியை அவர் கேட்டு வந்தபோது எங்கள் பக்கத்தில் முகம் சுளித்தவர்கள் உண்டு. முதலில் ஓம் என்று சொன்னவன் கமலாட்சியின் தம்பி யோகலிங்கம். அவனிடம் ஒரு வள்ளம் இருந்தது. மச்சான்காரனை அதில் ஏற்றித் தொழில் பழக்கினான்.

"மலையிலை பிறந்த ஆளுக்கு இந்தத் தண்ணி என்ன செய்யுது அத்தான்? சத்தி வருதோ?" என்று கேட்டுச் சிரிப்பான். உண்மையில் முதல் மாதம் முழுக்க முத்துலிங்கம் தின்றதையெல்லாம் சத்திதான் எடுத்தார்.

அப்போது சண்டையால் ஆனையிறவுப் பாதை பூட்டியிருந்தது. யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையில் போய்வர இருந்த வழி கடல்நீரேரி ஒன்றுதான். அதுவும் இருட்டில்தான். யோகலிங்கமும் முத்துலிங்கமும் சனத்தை ஏற்றி இறக்கினார்கள். அவர்கள் பயந்தது ஆட்களுக்கு இல்லை, கடற்படையின் ரேடாருக்குத்தான். அதை ஒரு மனிசரைப்போலத்தான் எல்லாரும் கதைப்பார்கள். "இண்டைக்கு ரேடார் முழிப்பாக் கிடக்கு" என்பார்கள். அது எப்படிப் பார்க்கும், எதைப் பார்க்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. இரும்பு, தகரம் என்றால் அதற்குத் தெரியுமாம். நிமிர்ந்து இருந்தால் தெரியுமாம். எஞ்சினுக்கு ஈரச்சாக்குப் போட்டால் தெரியாதாம். யார் முதலில் சொன்னது? அதுவும் தெரியாது. எல்லாரும் சாக்குப் போட்டார்கள்.

ஒரு பயணத்தில் ஒரு தாய் தகரப் பெட்டி ஒன்றோடு வந்து நின்றா. மகளின் கலியாணச் சீலைகள் அதற்குள் இருந்தன. முத்துலிங்கம் பெட்டியை ஏற்ற ஏலாது என்றார். யோகலிங்கம், "பாவம் அத்தான், ஏத்துவம்" என்றான். ஏற்றினார்கள். நடு ஏரியில் வெளிச்சம் பாய்ந்தது, பிறகு கடற்படையின் துப்பாக்கிச் சூடு விழுந்தது. யோகலிங்கம் கடைசியாக எழும்பி நின்றது சனத்தைப் படுக்கச் சொல்லத்தான். அவனுடைய உடம்பைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, குந்தியிருந்தபடி, முத்துலிங்கம் வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவந்தார்.

அன்று பெட்டி இல்லாத வள்ளங்களிலும் சூடு பட்டது. அதை அவர் கணக்கில் எடுக்கவேயில்லை. "அந்தப் பெட்டிதான் காட்டிக் குடுத்தது. உன்ரை தம்பி இரக்கப்பட்டான், போனான்" என்று கமலாட்சிக்குச் சொன்னார். கமலாட்சி அதை நம்பினாள். தம்பி தன் இரக்கத்தால் செத்தான் என்று நினைத்துக்கொண்டே ஒரு பெண் பிள்ளையைப் பெற்று, பதுங்குகுழிகளுக்குள் வளர்த்து, முகாமில் இருந்து, வெளியே வந்தாள்.

அந்தப் பிள்ளை தயாளினி. அவள் கலியாணம் முடித்தது நிரஞ்சனை, முல்லைத்தீவுப் பெடியன். மகளோடு இருக்கலாம் என்று ஜெயபுரத்துக் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு இவர்களும் அங்கே போனார்கள். மாமனும் மருமகனும் ஒரு பைபர் படகில் தொழில்.

போன ஆடியில், கச்சான் காற்று எழும்பிய நாட்களில், நிரஞ்சன் முற்றத்தில் இருந்துகொண்டு அலுமினியத் தகடு வெட்டிக்கொண்டிருந்தான். மூன்று தகடுகளை ஒன்றுக்குள் ஒன்று குறுக்கே செருகி, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு மூலை தெரிகிற மாதிரிச் சேர்த்தான். தலையளவு பருமன். கடற்றொழிலாளர் சங்கத்தில் நடந்த வகுப்பில் காட்டிக் கொடுத்தார்களாம்.

முத்துலிங்கம் வேலியோரம் நின்று பார்த்தார். "என்ன தம்பி, நத்தார்ப் பண்டிகைக்கு இன்னும் நாள் கிடக்கு. வாசலிலை தூக்கிற வெளிச்சக்கூடோ?"

"ரேடார் தகடு மாமா. படகிலை ஒரு தடி நட்டு உச்சியிலை கட்டப் போறன். கப்பல்காரற்றை ரேடாரிலை நாங்கள் தெரிவம்."

முத்துலிங்கம் கிட்ட வந்தார். "தெரியிறதுக்கோ?"

"ஓம். போன மாதம் ஒரு படகைக் கப்பல் இடிச்சுப்போட்டுப் போனது தெரியுமெல்லோ? கப்பல்காரன் காணேல்லையாம். காணமாட்டான். பைபர் ரேடாருக்கு இல்லாத மாதிரித்தான்." நிரஞ்சன் சுத்தியலைக் கீழே வைத்தான். "மாமா, ரேடார் கண் இல்லை. அது ஒரு கூப்பாடு. கிணத்துக்குள்ளை குனிஞ்சு ஊ எண்டு கத்தினா, சத்தம் அடியிலை பட்டு எங்களிட்டைத் திரும்பி வருதெல்லோ? அப்பிடித்தான். சத்தத்துக்குப் பதிலா ரேடியோவுக்கு வாற மாதிரி அலையை அனுப்பும். போய்ப் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் எண்டு பாக்கும். கெதியா வந்தாக் கிட்ட, சுணங்கி வந்தாத் தூர. சுத்திச் சுத்தி அனுப்பிறபடியா எந்தப் பக்கம் எண்டும் தெரியும். இருட்டு, பனிப்புகார் ஒண்டும் அதுக்குக் கணக்கில்லை."

"பைபரிலை படாதோ?"

"முக்காவாசி ஊடுருவிப் போயிடும். திரும்பி வாறது கொஞ்சம். அதோடை கடலலையளும் திருப்பிக் கத்தும். சந்தைக்குள்ளை ஒராள் மெதுவாக் கதைக்கிற மாதிரி எங்கடை சத்தம் அமுங்கிப் போகும். இந்தத் தகடு இருந்தா அமுங்காது. நீங்கள் கரம் போட்டிலை விளையாடேக்கை, ஓட்டையிலை விழாமல் மூலையிலை அடிபட்ட காய் ரண்டு பக்கமும் பட்டு உங்கடை பக்கம்தானே திரும்பி வரும்? இதுவும் மூலைதான். எங்கையிருந்து அலை வந்தாலும் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பும்."

குசினிக்குள் இருந்து தயாளினி சிரித்தாள். "உங்கடை மருமேனை மாங்குளத்திலை பொலிஸ் மறிச்சதும் ரேடாராலைதான் அப்பா. மோட்டச்சைக்கிளிலை என்ன ஓட்டம் ஓடினவரெண்டு அது சொல்லிப்போட்டுது. அதுக்கு இவர் தகடும் கட்டேல்லை."

"அதை ஏன் இப்ப இழுக்கிறாய்? பிளேன் முட்டாமல் இறங்கிறது அதாலை, மழைமுகில் எங்கை நிக்குது எண்டு பாக்கிறது அதாலை. உனக்கு மாங்குளம்தான் தெரிஞ்சது."

முத்துலிங்கம் சிரிக்கவில்லை. "எங்களைக் காட்டிக் குடுக்கிற சாமானை நாங்களே தலைக்கு மேலை கட்டிக்கொண்டு போறதோ?"

கமலாட்சிதான் சொன்னாள். "இஞ்சேருங்கோ, இப்ப ஆர் எங்களைச் சுடப்போறாங்கள்? அவன் கட்டட்டும், விடுங்கோ."

அவர் திரும்பிக் கடற்கரைப் பக்கம் போனார்.

நிரஞ்சன் தடியை நட்டுத் தகட்டைக் கட்டினான். அடுத்த முறை தொழிலுக்குப் போகும்போது அவன் எண்ணெய்க் கான் தூக்கிவரப் போயிருந்த நேரம் பார்த்து, முத்துலிங்கம் அதை அவிழ்த்து, வேறொரு சாக்கில் சுற்றி, படகின் முன்பக்க அணியத்துக்குள் தள்ளிவிட்டார். வெகுதூரம் போன பிறகுதான் நிரஞ்சன் மேலே பார்த்தான்.

"தகடு எங்கை மாமா?"

"காத்துக்கு ஆடுது. உள்ளை வைச்சிருக்கிறன்."

நிரஞ்சனுக்கு எரிச்சல் வந்தது. ஆனால் மாமன். மீனும் அன்று வெளியே வெளியே போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் அவர்களும் வழக்கத்தை விட அதிகம் போய்விட்டார்கள். கைப்பேசியில் சிக்னல் நின்றது. மற்றப் படகுகள் பின்னுக்குத் தங்கிவிட்டன. வெயில் ஏறும் நேரத்தில் எஞ்சினுக்குள் ஏதோ உடைந்த சத்தம் கேட்டது. பிறகு நிரஞ்சன் எத்தனை தரம் கயிறு இழுத்தும் அது வாய் திறக்கவில்லை.

கச்சான் கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. எஞ்சின் இல்லாத படகை அது ஒரே திசையில்தான் கொண்டுபோகும். கிழக்கே. அங்கே கரை இல்லை. அப்படிப் போன படகுகளில் சில பர்மாப் பக்கம் கரை ஒதுங்கின. சில ஒதுங்கவே இல்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும், இரண்டு பேரும் சொல்லவில்லை. நங்கூரம் போட்டார்கள், கயிறு அடிக்கு எட்டவில்லை. வலையைத் தண்ணீரில் விட்டு இழுக்கவிட்டார்கள், ஓட்டம் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. தகடு கட்டின தடியைப் பிடுங்கித் துடுப்பாக வலித்தார்கள். மாறி மாறி வலித்தும் கரை கிட்ட வரவில்லை. நிரஞ்சன் முழுப்பலத்தோடு ஒரு வலி வலிக்க, தடி முறிந்து, அவன் படகின் விளிம்பில் தோளடிபட விழுந்தான். அதற்குப் பிறகு வலக்கையை அவனால் தோளுக்கு மேலே எடுக்க முடியவில்லை.

கரை மறைந்தது. பொழுதுபட்டது. தண்ணீர்ப் போத்தலை ஒருவருக்கொருவர் நீட்டி, ஒருவரும் குடிக்காமல், அந்த இரவு போனது.

விடிந்து வெயில் சுடத் தொடங்கின பிறகு வடக்கே ஒரு சாம்பல் நிறப் புள்ளி தெரிந்தது.

நிரஞ்சன் காணவில்லை. அவன் கண்ணை மூடிக் கிடந்தான். கண்டவர் முத்துலிங்கம். அவருடைய கை யோசிக்கவில்லை. சாக்கை எடுத்தது, தோய்த்தது, எஞ்சினுக்கு மேலே போட்டது. மற்றக் கை நிரஞ்சனின் தலையைப் பிடித்து அமுக்கியது. இரண்டு பேரும் படகின் அடியில் ஒட்டிக் கிடந்தார்கள். அலை ஏறியது, இறங்கியது. எங்கும் காற்று உடைத்த வெள்ளை நுரை. புள்ளி கப்பலாகி, ஒரு பக்கமாகக் கொஞ்சத் தூரம் வந்து, திரும்பத் தொடங்கியது.

நிரஞ்சன் அவருடைய கையைத் தட்டிவிட்டுத் தலை நிமிர்த்தினான். பார்த்தான். சாக்கையும் பார்த்தான்.

"மாமா! என்ன செய்யிறியள்? அது எங்களைத் தேடி வந்தது!"

முத்துலிங்கம் அப்போதுதான் தன் கையைப் பார்த்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நிரஞ்சன் சட்டையைக் கழற்றி இடக்கையால் வீசினான், கத்தினான். அந்தத் தூரத்தில் ஒரு சட்டை என்ன, ஒரு நுரை என்ன. கப்பலின் பக்கவாடு ஒடுங்கிக்கொண்டு வந்தது. இனி அதன் பின்புறம்தான் தெரியும். நிரஞ்சன் சட்டையைக் கீழே போட்டுவிட்டுப் படகின் அடியில் இருந்தான்.

"தகடு மாமா. அது ஒண்டுதான் கிடக்கு. தடியும் இல்லை. உசத்திப் பிடிக்க என்ரை கை எழும்பாது." மேற்கே பார்த்தான். "தயாளினி கரையிலை நிப்பாள்."

முத்துலிங்கம் தவழ்ந்து அணியத்துக்குள் போனார். சுற்றியிருந்த சாக்கை உரித்துத் தகட்டை எடுத்தார். முழங்காலில் நின்று அதைத் தலைக்கு மேலே பிடித்தார்.

"காணாது மாமா. அலை மறைக்குது. எழும்பி நில்லுங்கோ!"

எழும்பினார். படகு சரிந்தது, விழுந்தார். இருபது வருசத்துக்கு மேலாகப் படகில் நிற்காத கால்கள். மறுபடியும் எழும்பினார். நிமிர்ந்ததும் முதுகில் யாரோ குறி பார்க்கிற மாதிரிக் கூசியது. அந்தச் சாம்பல் நிறத்துக்கு முன்னால் தலையையும் நெஞ்சையும் காட்டிக்கொண்டு, கையில் தகரத்தோடு நிற்பது! வெளிச்சம் பாயும், இதோ பாயும் என்று உடம்பு முழுவதும் சொன்னது. யோகலிங்கம் எழும்பி நின்றது ஞாபகம் வந்தது. கால் தானாக மடிந்தது.

"மாமா!"

நிரஞ்சன் தவழ்ந்து வந்து இடக்கையால் அவருடைய இரண்டு முழங்கால்களையும் சேர்த்து நெஞ்சோடு கட்டிக்கொண்டான். "விழமாட்டியள். நான் பிடிச்சிருக்கிறன். தூக்குங்கோ."

தூக்கினார். தகட்டின் விளிம்பு உள்ளங்கையை வெட்டியது. இரத்தம் முழங்கை வரைக்கும் ஓடியது. கை சோர்ந்து இறங்கும்; நிரஞ்சன் கத்துவான், திரும்ப ஏறும். கப்பல் சின்னதாகிக்கொண்டே போனது. "போகுது தம்பி" என்றார். "நிண்டுகொள்ளுங்கோ" என்றான். கை இறங்கியது. ஏறியது. அவருக்குக் கண் இருண்டது. கண்ணை மூடிக்கொண்டு பிடித்தார்.

"மாமா," என்றான் நிரஞ்சன் கீழேயிருந்து, மிக மெதுவாக, சத்தம் போட்டால் கலைந்துவிடும் என்பதுபோல. "பக்கவாடு தெரியுது."

கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது. பக்கவாடு தெரிந்தது. பிறகு அதன் மூக்கு நேராக இவர்களைப் பார்த்தது. அது கிட்ட வந்து ஆட்கள் கை காட்டுகிற வரைக்கும் அவர் தகட்டை இறக்கவில்லை. நிரஞ்சன் இறக்கச் சொன்னபோதும் இறக்கவில்லை. அவனாக எட்டி வாங்கவேண்டியிருந்தது.

அது தேடலுக்கு அனுப்பப்பட்ட கடற்படைக் கப்பல். மேலே ஏற்றி, தண்ணீர் கொடுத்து, உள்ளங்கைக்கு மருந்து கட்டினார்கள். ரேடார் பார்க்கிற பெடியன் ஒருவன் இவர்களைப் பார்க்க இறங்கி வந்தான். நிரஞ்சனுக்குச் சிங்களம் கொஞ்சம் தெரியும். அந்தப் பெடியன் சிரித்துக்கொண்டு சொன்னான்: திரையில் ஒரு புள்ளி வந்தது, போய்விட்டது. அலை என்று விட்டுவிட்டானாம். பிறகும் வந்தது, போனது. அலை என்றால் ஒவ்வொரு தரமும் வேறு வேறு இடத்தில் தெரியும். இது ஒரே இடத்திலேயே வந்து வந்து போனபடியால் மேலதிகாரியைக் கூப்பிட்டானாம்.

நிரஞ்சன் மாமனின் கையைப் பார்த்தான். வந்ததும் போனதும் அந்தக் கைதான்.

"தம்பி, கேட்டுச் சொல்லு" என்றார் முத்துலிங்கம். "சாக்குப் போடாட்டி முதலே கண்டிருப்பினமோ?"

நிரஞ்சன் கேட்டான். பெடியனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் இல்லை என்று தலையாட்டினான். சாக்குக்கும் ரேடாருக்கும் ஒரு தொடர்பும் இல்லையாம். ஈரச்சாக்குப் போட்டு எதையும் மறைக்க முடியாதாம். சின்னப் படகு, பதிந்து கிடந்தால், இந்த அலைக்குள் சாக்கு இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது.

முத்துலிங்கம் இரண்டு கைகளாலும் ஒரு பெட்டியின் அளவைக் காட்டினார். பிறகு கேட்டார்.

"ஒரு தகரப் பெட்டி. வள்ளத்துக்கு அடியிலை, சனத்துக்கு நடுவிலை கிடந்தால்? அலையில்லாத தண்ணி. அதாலைதான் கண்டுபிடிச்சிருப்பினமோ?"

நிரஞ்சனுக்குக் கதை தெரியும். குரலை அடக்கிக்கொண்டு கேட்டான். அந்தப் பெடியன் யோசித்தான். அந்தக் கடல்நீரேரிக் காலத்தில் பிறந்தே இராதவன். எஞ்சினும் இருந்திருக்கும், ஆட்களும் இருந்திருப்பார்கள், அமைதியான தண்ணீரில் அவையும் தெரியும், பெட்டியால்தான் என்று ஒருவராலும் சொல்ல முடியாது என்றான்.

"சொல்ல ஏலாதாம் மாமா."

"சரி" என்றார்.

அவர்களைச் சின்னப் படகு ஒன்றில் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கரை முழுக்கச் சனம். தயாளினி இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி நிரஞ்சனைக் கண்டுவிட்டாள். கமலாட்சி மட்டும் படகின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே குந்தியிருக்கும் ஆளைக் காணவில்லை என்று அவளுக்கு வாய் கோணியது. படகின் நடுவில் நெட்டையாக நின்று வருகிறவர் யார் என்று கிட்ட வந்த பிறகுதான் அவளுக்குப் பிடிபட்டது.

"ஏனப்பா நிண்டுகொண்டு வந்தனீங்கள்?" என்றாள் அழுகையோடு. கேட்பதற்கு அதுதான் அவளுக்கு வாயில் வந்தது.

"முழங்கால் மடங்குதில்லை."

அவள் தோளைக் கொடுத்தாள். மணலில் மெதுவாக நடந்தார்கள். சனத்தை விட்டுக் கொஞ்சம் விலகியதும் அவர் நின்றார்.

"இஞ்சேர் கமலம், அந்தப் பெட்டியாலை எண்டு சொல்ல ஏலாதாம். ரேடார் பாக்கிற பெடியனே சொல்லிப்போட்டான். யோகன் ஏத்தினது பிழையெண்டு இனி நான் சொல்லமாட்டன்."

கமலாட்சி அவருடைய கட்டுப்போட்ட கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, அந்த வெயிலில், தம்பிக்காக அழுதாள்.